மாட்டின் பின்னங்கால்கள்

சுரேன்,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். பிறகு அவற்றையே உதறி மறுபடியும் மடித்தேன். நீ சொன்னது கெட்ட செய்தி இல்லை. ஆஸ்திரேலியாவில், பெர்த்துக்கு அப்பால் சுரங்கத்தில் நல்ல வேலை, சில வாரங்கள் அங்கே, சில நாட்கள் இங்கே, அப்படியே சில வருடங்கள். அனிதாவும் சம்மதித்துவிட்டாள் என்றாய். நானும் "நல்லதுப்பா" என்றுதான் சொன்னேன். அப்புறம் பேத்தியை நினைத்து, "மீராவுக்கு?" என்று கேட்டேன். "அவ சின்னப் பிள்ளைம்மா, அவளுக்கு என்னா தெரியப்போவுது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அந்த ஒரு வார்த்தைதான் என்னை உட்கார விடாமல் செய்கிறது. போனில் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்க நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். முடியாவிட்டால் அனிதாவை வாசித்துக் காட்டச் சொல்.

நான் ஹாலோவீனுக்குத் தைத்த மாட்டு வேஷம் உனக்கு நினைவிருக்கும். நீயும் அக்கா ஷாமினியும் சேர்ந்தால் அந்தப் பேச்சு வராமல் இருக்காது. பின்பக்கம் பூப்போட்ட மாடு என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் கதையில் பாதிதான் இருக்கிறது. மற்றதை நான் சொன்னதில்லை, உங்கப்பாவும் சொன்னதில்லை. உனக்கு அப்போது ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று.

நாங்கள் கிள்ளானை விட்டு ஆக்லாந்துக்கு வந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். பிளாக்ஹவுஸ் பேயில், கடலுக்கு இறங்கும் சரிவில், மரப்பலகை வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. உங்கப்பா மலேசியாவில் தொழிற்சாலை என்ஜினியர். அவருக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள். இங்கே போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான், நியூசிலாந்தில் வேலை பார்த்த அனுபவம் உண்டா என்று. வந்த முதல் மாதமே எங்கிருந்து வரும் அனுபவம்? ஒரு வருடம் அலைந்தார். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவார், வந்ததும் அதைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு உட்காருவார். கடைசியில் ஷா ஆலமில் இருந்த பழைய கம்பெனியே திரும்பக் கூப்பிட்டது. அவர் மட்டும் போவது, நாம் மூன்று பேரும் இங்கேயே இருப்பது, அக்காவின் பள்ளிக்கூடம் கெடாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டோம். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே போனது. அவர் போகும்போது உனக்கு நாலு வயது.

அந்த வருடங்களில் நான் பென்ரோஸில் ஒரு திரைச்சீலைப் பட்டறையில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டு ஜன்னல்களுக்குத் தைப்பேன். வெட்டி மிஞ்சிய துண்டுகளை அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து சமைத்து, உங்களைக் குளிக்கச் சொல்லி, அதற்கப்புறமும் கை சும்மா இருக்காது. ஏற்கெனவே திரை போட்டிருந்த ஜன்னலுக்கே இன்னொரு திரை தைப்பேன். சோபாவை ஒரு வாரம் இந்தச் சுவரோரம் போடுவேன், அடுத்த வாரம் அந்தச் சுவரோரம் தள்ளுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கப்பா போன் பண்ணுவார். மணி அடித்ததும் நீ குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாய். முதலில் வயிறு சரியில்லை என்று நினைத்தேன். வாரா வாரம் போன் வரும்போது மட்டும் ஒரு பிள்ளைக்கு வயிறு எப்படிக் கெடும்? "தம்பி எங்கே?" என்று அவர் கேட்பார். "பாத்ரூம்ல" என்பேன். அவருக்கும் புரிந்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறை வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போவார். அப்போதெல்லாம் நீ அவரை அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அவர்" என்றுதான் ஆங்கிலத்தில் சொல்வாய்.

ஹாலோவீன் அந்தக் காலத்தில் இங்கே அவ்வளவாகப் பழகவில்லை. அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் பேய், சூனியக்காரி என்று வேஷம் கட்டி வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்பதெல்லாம் டெலிவிஷனில் பார்த்ததுதான். முந்தின வருடம் நீயும் அக்காவும் கறுப்புக் குப்பைப் பைகளில் கைக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு போனீர்கள். பாதி வீடுகளில் கதவே திறக்கவில்லை. ஒருவர், இது அமெரிக்காக்காரர்கள் பழக்கம், எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீ திரும்பி வந்ததும், நம் வேஷம் நன்றாக இல்லாததால்தான் அவர்கள் கொடுக்கவில்லை என்று சொன்னாய். அடுத்த வருடம் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டாய். பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே துணிக்குள் புகுந்து குதிரையாக வந்தார்களாம். உனக்கு அதே மாதிரி மாடு வேண்டும். "நான் முன்னாடி, அக்கா பின்னாடி." அக்கா முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் சரி என்றாள். நீ கேட்டு அவள் மறுத்தது அபூர்வம்.

மாட்டுக்குத் துணி வாங்க வேண்டியிருக்கவில்லை. வெயில் புகாமல் திரைக்குப் பின்னால் கொடுத்துத் தைக்கிற கனத்த வெள்ளைத் துணித் துண்டுகள் பட்டறையில் நிறையக் கிடந்தன. கறுப்பு வெல்வெட்டும் கொஞ்சம் கிடைத்தது. அதைத் திட்டுத் திட்டாக வெட்டி வெள்ளையில் ஒட்டுத்தையல் போட்டேன். தலைக்கு அட்டைப்பெட்டியைச் செதுக்கி மேலே மெத்தைப் பஞ்சு ஒட்டினேன். வாய் இருக்கும் இடத்தில் வலைத்திரைத் துண்டு, அதன் வழியாக நீ பார்க்க. மடிக்குப் பாத்திரம் கழுவும் இளஞ்சிவப்புக் கையுறையில் பஞ்சு அடைத்துத் தைத்தேன். அதைப் பார்த்து நீ தரையில் உருண்டு சிரித்தாய். பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்ள, முன்பக்கத்தின் இடுப்பில் ஒரு பட்டையும் வைத்தேன்.

அடுத்த தெருவில் இருந்த மங்கையக்காவை உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. யாழ்ப்பாணத்துக்காரி. சனிக்கிழமைகளில் வருவார். நான் மெஷினில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "பேய்க்கு எண்டு வைச்ச நாளிலை நீங்கள் என்ன மாடு தைக்கிறீங்கள்? பிள்ளையள் வீடு வீடாப் போய்க் கேக்கிறதும் வடிவில்லை. அவையோட கதைச்சுப் பாருங்கோவன்" என்றார். "கதைச்சாச்சு அக்கா. கேக்க மாட்டேங்கிறான்" என்றேன். தைத்த துணியைத் தூக்கிப் பார்த்தார். "பிள்ளைக்காகத்தான் தைக்கிறீங்களோ?" என்று கேட்டார். நான் மெஷினை மிதித்தேன். "ஓம், சரி. அந்த வாலை இஞ்ச தாங்கோ" என்று வாங்கி, மூன்று நூலைச் சேர்த்துப் பின்னிக் குஞ்சம் வைத்துக் கொடுத்தார்.

அவர் கேட்டது சரிதான். அந்த வாரம்தான் உங்கப்பா போனில், "நான் வர்றேன். இந்த தடவ ஒக்காந்து பேசணும்" என்று சொல்லியிருந்தார். என்ன பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மெஷினை விட்டு எழுந்திருக்கவே எனக்கு மனம் வரவில்லை. மாடு முடிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று பயந்து, முடிந்த காதுகளைப் பிரித்து மறுபடி தைத்தேன்.

ஹாலோவீனுக்கு முந்தின நாள் காலை அவர் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் நீ அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றாய். அவர் உன் தலையைத் தொடக் கையை நீட்டினார், நீ குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாய். வீட்டுக்கு வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார். குவளை எந்த அலமாரியில் இருக்கிறது என்று என்னைக் கேட்டுத்தான் தண்ணீர் எடுத்துக் குடித்தார். நீ என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி, "வென் இஸ் ஹீ கோயிங்?" என்றாய். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பேச்சை எடுத்தார். "போயிடலாம். நாலு பேரும். கம்பெனில வீடு தர்றாங்க. இப்படி அங்க ஒரு காலு இங்க ஒரு காலுன்னு எத்தன நாளைக்கு?"

"பிள்ளைங்க படிப்பு?"

"அங்க பிள்ளைங்க படிக்கலையா? நீயும் நானும் அங்கதான படிச்சோம்."

"நீங்க இங்க வந்துடுங்களேன்" என்றேன்.

"வந்து? தரை கூட்டவா?"

சுரேன், எனக்கே என்ன வேண்டும் என்று அன்றைக்குத் தெரியவில்லை. ஒரு மனம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்றது. ஒரு மனம், தனியாகப் பஸ் பிடித்து வேலைக்குப் போய் வருகிற இந்த வாழ்க்கையை இனி யாரும் என்னிடமிருந்து எடுக்கக் கூடாது என்றது. சமையலறைக்கும் கராஜுக்கும் இடையில் நடந்தபடியே பேசிக்கொண்டிருந்தோம். ஷாமினி வந்து கதவோரம் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். நீ அதற்குள் மாட்டைத் தேடி உள்ளே ஓடிவிட்டாய். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"ஐ'ம் நாட் கோயிங்" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அவள் கேட்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் போய்த் தட்டினேன். "தம்பி காத்துக்கிட்டு இருக்கான், வாம்மா" என்றேன். உள்ளேயிருந்து, "அப்பாவ போவச் சொல்லுங்க. நான் வரல" என்று தமிழில் சொன்னாள். கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

நான் கூடத்துக்கு வந்தபோது நீ முன்பாதிக்குள் நுழைந்து, தலையை மாட்டி, தயாராக நின்றுகொண்டிருந்தாய். பின்பாதி உனக்குப் பின்னால் தரையில் காற்றுப்போன பை மாதிரி கிடந்தது. அக்கா வரவில்லை என்று நான் சொன்னதும் நீ அழவில்லை. அந்த அட்டைத் தலைக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அப்படியே அசையாமல் நின்றாய். உங்கப்பா எதிரில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். திரும்பி வந்தபோது பேன்ட்டை மாற்றிப் பழைய அரைக்கால் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்து, "இதுக்குள்ள எனக்கு நொழையுமா?" என்று கேட்டார்.

நுழையவில்லை. பதினொரு வயதுப் பெண்ணுக்கு அளவெடுத்தது. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து அகலப்படுத்த வேண்டியிருந்தது. வெள்ளைத் துணி தீர்ந்துபோயிருந்தது. பெரிய பெரிய ரோஜாப்பூப் போட்ட ஒரு திரைத் துண்டுதான் கையில் அகப்பட்டது. அதை அவர் இடுப்பில் வைத்து ஊசி குத்தி அளவு பார்த்தேன். அத்தனை நாள் கழித்து அவர் பக்கத்தில் அவ்வளவு நெருங்கி நின்றது அப்போதுதான். இளைத்துப்போயிருந்தார். "சாப்பாடெல்லாம் எங்க?" என்று கேட்டேன். "கடைலதான்" என்றார். நான் மெஷினில் உட்கார்ந்து கண்மண் தெரியாமல் மிதித்தேன். நீ அவ்வளவு நேரமும் தலையைக் கழற்றவில்லை. அவர் குனிந்து உள்ளே புகுந்ததும் நீ சொன்னாய்: "டோன்ட் ஸ்டெப் ஆன் மை ஃபீட்." அந்தத் தடவை அவர் வந்ததிலிருந்து நீ நேராக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

நீங்கள் கிளம்பும்போது வெளியே நல்ல வெளிச்சம். இந்த ஊர் வசந்தத்தில் பேய்க்கு இருட்டே கிடைக்காது. காலையில் பெய்த மழையில் புல் நனைந்திருந்தது, கடற்பக்கமிருந்து காற்று. நீ இருந்த உயரத்துக்கு அவர் எவ்வளவு குனிந்தாலும் பின்பக்கம்தான் உயர்ந்து நின்றது. எந்நேரமும் பள்ளத்தில் இறங்குகிற மாடு மாதிரி இருந்தது. நான் பக்கத்தில் நடந்தேன், வண்டி வந்தால் நிறுத்த. அவர் உன்னைத் தொடவில்லை. நான் வைத்த பட்டையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நீ இழுத்துக்கொண்டு போனாய்.

முதல் இரண்டு மூன்று வீடுகளில் சிரித்துவிட்டு எதையாவது கொடுத்தார்கள். இனிப்பு வாங்கி வைக்காதவர்கள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்கள். ஒரு அம்மா தன் மரத்திலிருந்து எலுமிச்சம்பழம் பறித்துப் போட்டார். படிகள் வந்தால் நீ "ஸ்டெப்" என்று கத்துவாய், அவர் ஒரு படி தாமதமாக ஏறுவார். மூலை வீட்டை நெருங்கும்போது நான் நடையைக் குறைத்தேன். முந்தின வருடம் திருப்பி அனுப்பினாரே, அவர் வீடு. கதவைத் திறந்தார். மாட்டை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மடியைப் பார்த்ததும் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்தார்கள். அந்த மனிதர் நல்லவிதமாகத்தான் குனிந்து உன்னிடம் கேட்டார், பின்னால் இருப்பது யார் என்று.

நீ மாட்டின் வாய் வழியாகப் பதில் சொன்னாய். "ஹீ இஸ் ஃப்ரம் மலேசியா. ஹீ இஸ் ஜஸ்ட் விசிட்டிங்."

அவர்களுக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. கை நிறையச் சாக்லேட் கொடுத்தார்கள். நீ நன்றி சொல்லித் திரும்பினாய். மாடு திரும்பவில்லை. நீ முன்னால் இழுத்தாய், பின்னங்கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. எப்படியோ தெரு வரைக்கும் வந்து, நடைபாதை ஓரத்துப் புல்லில் மறுபடியும் நின்றுவிட்டன. நான் மண்டியிட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். உங்கப்பாவின் முகம் முழுக்க ஈரம். "என்னாங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல. அவன் சரியாத்தான் சொல்றான்" என்றார். துணியைக் கீழே விட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு பெண் நாயோடு போய்க்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்துக் கையசைத்தாள், நானும் அசைத்தேன்.

அப்போது நீ அட்டைத் தலையைக் கழற்றிப் புல்லில் வைத்தாய். திரும்பி, மாட்டுக்குள்ளேயே பின்னோக்கித் தவழ்ந்து போனாய். இரண்டு பேர் பாரமும் ஒரு பக்கம் சாய்ந்து மாடு படுத்துவிட்டது. வெளியே நின்ற எனக்கு மேலும் கீழும் அசைகிற துணி மட்டும்தான் தெரிந்தது. உன் குரல் கேட்டது, மாட்டிக்கொண்டாயா என்று ஆங்கிலத்தில். "இல்ல" என்றார். அப்புறம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டாய். அவர் சொன்னார்: "உள்ள ஒண்ணும் தெரியல தம்பி. எங்க போறோம்னு தெரியல. நீ சொல்லிக்கிட்டே வந்தா நடப்பேன்." நீ யோசித்தாய் போலிருக்கிறது. "ஓகே," என்றாய், "பட் யூ ஹாவ் டு லிசன்."

அதற்கப்புறம் நீ அவருக்குத் தெருவையே சொல்லிக்கொண்டு போனாய். படி, மேடு, குட்டை, இங்கே நாய் கட்டியிருக்கிறது, இந்த வீட்டில் என் வகுப்புப் பையன் இருக்கிறான், இந்த மரத்திலிருந்து ஒரு தடவை விழுந்தேன். பாதி தூரம் போனதும் எப்போது மாறினாய் என்று தெரியவில்லை, தமிழில் சொல்ல ஆரம்பித்திருந்தாய். தப்பும் தவறுமான தமிழ். "லெஃப்ட் காலு. இப்ப மத்த காலு." மூன்று வருடத்தில் நடந்ததையெல்லாம் அவர் அந்தத் துணிக்குள் குனிந்தபடியே கேட்டுக்கொண்டு வந்தார். கடைத்தெரு வரைக்கும் போய்த் திரும்பினீர்கள். வீட்டுக்கு ஏறும் சரிவில் நான் எட்டிப் பார்த்தேன். அவர் பட்டையை விட்டுவிட்டு உன் தோளைப் பிடித்திருந்தார். நீ உதறவில்லை. வாசற்படியில் ஷாமினி உட்கார்ந்திருந்தாள். ரோஜாப்பூப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள். முடியவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். அந்த வருகையில் அவர் மறுபடி மலேசியாவுக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை. ஆனால் விடுப்பு முடிந்ததும் திரும்பிப் போனார். அடுத்த வருடம் மழைக்காலத்தில்தான் வேலையை விட்டுவிட்டு வந்தார். பென்ரோஸில் ஒரு கிடங்கில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது, மறுபடியும் என்ஜினியர் என்று ஒருவர் அவரைக் கூப்பிடப் பல வருடம் ஆனது. அது அவருக்குச் சுலபமாக இல்லை. எரிந்து விழுவார். கிண்ணத்தை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று சண்டை போடுவார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. என் வீட்டில் நான் வைத்த இடம்தான் இடம் என்று நின்றேன். சில நாள் இவர் வராமலே இருந்திருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் ஒவ்வொரு அக்டோபரும் அவரே வந்து, "இந்த வருஷம் என்னா?" என்று கேட்பார். நாலு பேர் சேர்ந்து ஒரு கம்பளிப்புழு தைத்தது, மூன்று வாழைப்பழமும் ஒரு குரங்குமாகப் போனது எல்லாம் அதற்கப்புறம். குரங்கு வேஷம் தனக்குத்தான் என்று அவர் யாரையும் கிட்டே விடவில்லை.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வந்து சேர்ந்த பிறகு அவருடைய பெரிய பெட்டியை அலமாரி மேலே ஏற்றி வைத்தோம். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் எங்கள் அறை வாசலில் நின்று அந்தப் பெட்டி மேலேயே இருக்கிறதா என்று பார்ப்பாய். பார்த்துவிட்டுத்தான் பசியாற வருவாய். மழையோ வெயிலோ, ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான். நான் கவனித்ததை நீ அறிய மாட்டாய். ஒரு நாள் பார்க்காமலேயே நேராகச் சமையலறைக்கு வந்து என்ன இருக்கிறது என்று கேட்டாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாளே அந்தப் பெட்டியைத் தமிழ்ச் சங்கத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டேன். உங்கப்பா இன்று வரைக்கும் அது எங்கே போனது என்று கேட்கவில்லை.

இவ்வளவு எழுதி முடிக்கும்போது அவர் வந்து பின்னால் நின்றார். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். "எழுதாத. அவன் பெரிய ஆளு. அவன் குடும்பம் அவனுக்குத் தெரியும்" என்றார். நான் நிறுத்தவில்லை. சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டார். இரண்டு குவளையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். ஒரு குவளையை என் பக்கம் தள்ளிவிட்டு, "எழுதுறதா இருந்தா ஒண்ணு சேத்துக்க" என்றார். "நான் முத தடவ போனேன் இல்ல, அன்னிக்கு அவன் தூங்கிக்கிட்டு இருந்தான். விடியக்காலை ஃப்ளைட்டு. எழுப்பினா அழுவானேன்னு எழுப்பல. அவன் அழுதிருந்தா நான் போயிருக்க மாட்டேன், அதுக்குப் பயந்துதான் எழுப்பல." என்னிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

அந்தக் காலை எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது, அவர் வானத்தில் இருந்தார். நீ எழுந்து ஒவ்வொரு அறையாகப் போனாய். கட்டிலுக்கு அடியில் பார்த்தாய், துணி அலமாரியைத் திறந்து பார்த்தாய். ஒளிந்து விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் தேடினாய். தோட்டத்துக்கு ஓடி அங்கேயும் தேடிவிட்டு வந்து, "எனக்குத் தெரியல, வெளிய வரச் சொல்லுங்க" என்றாய்.

போவதா வேண்டாமா என்பது நீயும் அனிதாவும் எடுக்க வேண்டிய முடிவு. உங்கப்பா போனதால்தான் நாம் அந்த வருடங்களைத் தாண்டினோம், அதை நான் மறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மீராவிடம் நீயே சொல். அனிதா சொல்லட்டும் என்று விடாதே. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். அவள் அழுவாள், நீயும் அழுவாய். விமான நிலையத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போ, நான் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். விடியற்காலை விமானத்தில் டிக்கெட் போடாதே, சுரேன். அவள் விழித்திருக்கும்போது போ.

அம்மா